தொடவே இல்லை என்றால் துரோகம் இல்லையா?

"கல்யாணமாகி ஒன்பது வருடம். கணவர், கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணோடு இரவு பதினொரு மணிக்கு மேல் தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறார். நான் பார்த்துவிட்டுக் கேட்டதும், 'அவளைத் தொட்டதுகூடக் கிடையாது, இதில் என்ன தப்பு' என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? என்னிடம் என்ன குறை? மாமியாரிடம் சொல்லலாமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

நீங்கள் பெரிதுபடுத்தவில்லை, சகோதரி. உங்கள் கணவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அவர் தொடாமலே இருந்திருக்கலாம். அப்படியிருந்தும் உங்கள் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்பதற்குத்தான் பதில் வேண்டும். குடும்ப ஆலோசனைக்கு வருகிறவர்களோடு பல வருடங்கள் உட்கார்ந்து பேசியவள் என்ற முறையில், நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். செய்தது மறைக்கப்பட்டதா? மறைக்கப்படவில்லை என்றால், "இது எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் நிலையில் அடுத்தவர் இருந்தாரா? உடம்பு சம்பந்தப்பட்டதா என்பது இவற்றுக்கு அப்புறம்தான் வரும்.

ஆனால் நம் வீட்டுப் பஞ்சாயத்துகளில் உடம்புதான் முதலில் வருகிறது. "ஒண்ணும் நடக்கலையே, அப்புறம் என்ன?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இதற்குச் சட்டமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 1860-இல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு, இன்னொருவர் மனைவியோடு உறவுகொண்ட ஆணுக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்றது. புகார் கொடுக்கும் உரிமை அந்தப் பெண்ணின் கணவனுக்கு மட்டும். அவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. தன் கணவன் வேறொரு பெண்ணிடம் போகிறான் என்று மனைவி புகார் கொடுக்க அந்தப் பிரிவில் இடமே கிடையாது. துரோகம் செய்யப்பட்ட மனைவி என்று ஒருத்தி அந்தச் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. மனைவியைக் கணவனின் உடைமைபோல நடத்துகிறது என்று கூறி, 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அதை ரத்து செய்தார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் குற்றம் திரும்பி வரவில்லை.

குற்றம் இல்லை என்றாகிவிட்டதால் தவறும் இல்லை என்று சிலர் வாதாடுகிறார்கள். அது சரியல்ல. இந்துத் திருமணச் சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி, திருமணத்துக்குப் பிறகு வேறொருவரோடு விரும்பி உடலுறவு கொண்டது இன்றும் விவாகரத்துக்குக் காரணம். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும் போதும். ஆனால் இங்கேயும் உடலுறவுதான் அளவு. மனதளவிலான நெருக்கத்தைக் காட்டி விவாகரத்து கேட்பவர்கள் 'மனரீதியான கொடுமை' என்ற வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழியும் குறுகலானது. குஜராத்திலிருந்து வந்த ஒரு குற்ற வழக்கில், அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்ணோடு கணவனுக்கு இருந்த நெருக்கத்தைத் தாங்காமல் மனைவி உயிரை விட்டிருந்தார். அந்த நெருக்கம் ஒன்றை மட்டும் வைத்துக் குற்றவியல் சட்டம் சொல்லும் கொடுமை என்று கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறி, கணவனை விடுவித்தது. ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வலுவான ஆதாரம் வேண்டும், அது நியாயம்தான். ஆனால் கோர்ட்டுக்கு வேண்டிய அளவுகோலைத் தூக்கிவந்து நம் படுக்கையறையிலும் சமையலறையிலும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வலித்தது என்று சொல்ல உங்களுக்குச் சாட்சி தேவையில்லை.

இப்போது உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஷெர்லி கிளாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், நட்பாகத் தொடங்கி எல்லை தாண்டும் உறவுகளைப் பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் ஜன்னலையும் சுவரையும் வைத்து இதைச் சொல்வார். தம்பதிகளுக்கு நடுவே ஜன்னல் இருக்க வேண்டும், அவர்களுக்கும் வெளியாருக்கும் நடுவே சுவர் இருக்க வேண்டும். துரோகம் தொடங்கும்போது இது தலைகீழாகிறது. வெளியே இருப்பவருக்கு ஜன்னல் திறக்கிறது, வீட்டில் இருப்பவருக்குச் சுவர் எழும்புகிறது. உங்கள் கணவரின் மேலதிகாரி அவரைத் திட்டியது அந்தப் பெண்ணுக்கு அன்றே தெரிந்து, உங்களுக்கு ஒரு வாரம் கழித்துத் தெரிகிறதா? உங்கள் இருவருக்குள் நடந்த சண்டையை அவளிடம் சொல்லி ஆறுதல் தேடுகிறாரா? நீங்கள் அறைக்குள் வந்ததும் போனைக் கவிழ்த்து வைக்கிறாரா, தானாக அழியும்படி மெசேஜை மாற்றி வைத்திருக்கிறாரா? உங்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் பாதிகூட அவளைப் பற்றி உங்களுக்குத் தெரியாது என்ற நிலை வந்துவிட்டதா? இவற்றில் மூன்று நான்குக்கு ஆம் என்றால், சுவர் எழும்பியாகிவிட்டது.

நட்பு வேறு. என் கணவருக்குப் பெண் நண்பர்கள் உண்டு, எனக்கும் ஆண் நண்பர்கள் உண்டு என்று நிம்மதியாக இருக்கும் எத்தனையோ வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் அந்த நண்பர் வீட்டுக்கு வருவார், பிள்ளைகள் அவரை மாமா என்றோ அத்தை என்றோ கூப்பிடும், போன் கூடத்து மேஜையில் கிடக்கும். கல்லூரிக் காலத்தில் ஒருத்தியைப் பிடித்திருந்தது என்று கணவர் ஞாபகம் வந்து சொல்வதும் துரோகம் ஆகாது. வழியில் ஒருவரைப் பார்த்து அழகாக இருக்கிறார் என்று நினைப்பதும் ஆகாது. மனதுக்குள் வந்துபோகும் எல்லாவற்றையும் குற்றம் என்று எண்ண ஆரம்பித்தால் எந்த மனிதரோடும் வாழ முடியாது. நான் நெருக்கத்தைத் தனியாக எடைபோடுவதில்லை. அந்த நெருக்கத்தைக் காப்பாற்ற அவர் உங்களிடம் எத்தனை பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்று பார்க்கிறேன்.

"என்னிடம் என்ன குறை?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்காத மனைவியை நான் இன்னும் சந்திக்கவில்லை. கணவன்மாரும் கேட்கிறார்கள், வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். இதே கிளாஸ், தாமஸ் ரைட் என்பவரோடு சேர்ந்து 1985-இல் வெளியிட்ட ஆய்வில், திருமணத்துக்கு வெளியே உறவு வைத்திருந்த ஆண்களில் 56 சதவீதம் பேரும் பெண்களில் 34 சதவீதம் பேரும் தங்கள் இல்லற வாழ்க்கை மகிழ்ச்சியானது என்றே சொல்லியிருந்தார்கள். வீட்டில் சோறு சரியில்லை என்றால்தான் வெளியே சாப்பிடுவான் என்று ஊர் பேசுவது இந்த எண்களுக்கு முன் நிற்காது. வாய்ப்பு கிடைத்தது, வயது ஏறுகிற பயம் வந்தது, யாரோ தன்னைப் புதிதாகப் பார்த்து வியந்தார்கள், எல்லைகளைப் பற்றி ஒருபோதும் யோசித்ததில்லை: பெரும்பாலும் காரணம் இந்த மாதிரித்தான் இருக்கும். உங்கள் தாம்பத்தியத்தில் குறை இருந்திருக்கலாம். அதில் உங்கள் பங்கும் இருக்கலாம். ஆனால் குறையைப் பேசுவதற்கு அவர் முன்னால் பல வழிகள் இருந்தன. மறைப்பது என்ற வழியைத் தேர்ந்தெடுத்தது அவர்தான், அதில் உங்களுக்குப் பங்கு இல்லை.

உடம்பா, மனசா, எது அதிகம் வலிக்கும்? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது டேவிட் பஸ் என்ற உளவியலாளரின் குழுவினர் 1992-இல் மாணவர்களிடம் இதைக் கேட்டார்கள். ஆண்களில் 60 சதவீதம் பேர் உடல் உறவுதான் அதிகம் வலிக்கும் என்றார்கள், பெண்களில் 83 சதவீதம் பேர் மனதைக் கொடுத்ததுதான் என்றார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்டதால்தான் இப்படி வந்தது, வேறு விதமாக அளந்தால் வித்தியாசம் குறைகிறது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். என் அனுபவத்தில் ஆண், பெண் இருவருமே கடைசியில் கேட்பது ஒரே விஷயம்: "எவ்வளவு நாளா என்னை முட்டாளாக்கிக்கிட்டு இருந்தீங்க?"

யாருமே துரோகம் என்று பெயர் வைக்காத ஒன்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பணம். மனைவியின் நகையை அவளுக்குத் தெரியாமல் அடகு வைப்பது, நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு வாய் திறக்காமல் இருப்பது, சம்பளம் கூடியதை மறைத்துத் தம்பிக்கு மட்டும் மாதாமாதம் அனுப்புவது, ஆன்லைன் ரம்மியில் விட்டதை லோன் ஆப்பில் வாங்கி நிரப்புவது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதற்கு முன்னால் வாங்கிய கடன்கள் பல வீடுகளில் இன்னும் வெளியே வராமல் கிடக்கின்றன. ஒரு நாள் வசூல்காரர் போன் செய்யும்போதுதான் மனைவிக்குத் தெரிகிறது. அப்போது அவள் முகத்தில் நான் பார்ப்பது, வேறொரு பெண்ணைப் பற்றித் தெரிந்தவளின் முகத்தில் பார்ப்பதேதான். எது உண்மை, எது பொய் என்று பழைய நாட்களை எல்லாம் திரும்ப எண்ணிப் பார்க்கிற அதே தவிப்பு.

கேரளத்தில் 2003-இல் நடந்த ஒரு திருமணம் இதற்குக் கண்ணாடி. பெண் வீட்டார் போட்ட 89 பவுன் நகையை, பத்திரமாக வைக்கிறேன் என்று சொல்லி முதலிரவு அன்றே கணவர் வாங்கித் தன் தாயிடம் கொடுத்தார். அவர்களுடைய பழைய கடன்களை அடைக்க அது போய்விட்டது என்பது அந்தப் பெண்ணின் புகார். குடும்ப நீதிமன்றம், உயர் நீதிமன்றம் எல்லாம் ஏறி இறங்கி, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. சீதனமாக வந்தது மனைவியின் முழு உடைமை, கணவர் இக்கட்டில் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பிக் கொடுக்கும் கடமை அவருக்கு உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அங்கே மூன்றாவதாக ஒரு பெண் இல்லை. ஆனாலும் அந்தத் திருமணம் விவாகரத்தில்தான் முடிந்தது.

அப்படியானால் பெண்கள் சேர்க்கும் சிறுவாட்டுப் பணம்? கடுகு டப்பாவிலும் புடவை மடிப்பிலும் கணவனுக்குத் தெரியாமல் சேர்க்கிறார்களே, அதுவும் துரோகமா என்று ஆண்கள் என்னிடம் கேட்பதுண்டு. 'வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இருந்தாரா' என்ற என் இரண்டாவது அளவுகோல் இங்கேதான் வேலை செய்கிறது. தன் கையில் பத்து ரூபாய் வைத்துக்கொள்ளக் கேட்டு நிற்க வேண்டிய வீட்டில் ஒரு பெண் மறைத்து வைப்பது தற்காப்பு. இரண்டு பேரும் சம்பாதித்து, சேர்ந்து கணக்கு எழுதும் வீட்டில் ஒருவர் மட்டும் ரகசியக் கணக்கு வைத்திருந்தால், அது ஆணானாலும் பெண்ணானாலும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

இதற்கு நேர் எதிரான வகை ஒன்று உண்டு. எதையும் மறைக்காத துரோகம். ஊருக்கே தெரிந்த சின்ன வீடு. போன தலைமுறையில் வசதியுள்ள ஆண்கள் பலர் இப்படி இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு ஒரு வீடு, மற்ற நாளுக்கு ஒரு வீடு. "அவர் எதையும் ஒளிக்கலையே, பெரியம்மாவுக்கும் தெரியுமே" என்று உறவினர்கள் நியாயம் பேசுவார்கள். தெரியும் என்பதும் சம்மதம் என்பதும் ஒன்றா? அந்தப் பெரியம்மாவுக்குப் படிப்பில்லை, வருமானமில்லை, திரும்பிப் போகத் தாய்வீட்டில் இடமில்லை. வேண்டாம் என்று சொல்ல முடியாதவளின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற உளவியலாளர் 1990-களில் விளக்கிய ஒன்று இங்கே பொருந்துகிறது. யாரை நம்பி வாழ்கிறோமோ அவர் செய்யும் துரோகத்தைப் பார்க்காமல் இருக்க மனம் தானே பழகிக்கொள்கிறது, ஏனென்றால் பார்த்துவிட்டால் பிழைக்க வழியில்லை. "அவளுக்கு எப்படித் தெரியாமல் இருந்திருக்கும்?" என்று ஊர் ஏளனமாகக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சட்டப்படி, இந்து, கிறிஸ்தவத் திருமணங்களில் முதல் மனைவி இருக்கும்போது செய்யும் இரண்டாம் கல்யாணம் செல்லாது. அதற்கு ஏழு ஆண்டுகள் வரை சிறை உண்டு. முதல் கல்யாணத்தை இரண்டாமவளிடம் மறைத்திருந்தால் பத்து ஆண்டுகள் வரை. அந்த இரண்டாமவளும் பல நேரம் ஏமாற்றப்பட்டவள்தான்.

ஒரே ஒரு முறை நடந்து முடிந்த உடலுறவு, பழைய காதலோடு மறுபடி தொடங்கும் பேச்சு, இணையத்தில் முகம் தெரியாதவரோடு நடக்கும் சல்லாபம் என்று இன்னும் பல வகை சொல்லலாம். அளவுகோல் மாறாது என்பதால் விரிக்கவில்லை. ஒன்று மட்டும். திருமணமானவர்களுக்கு வெளித்தொடர்பு ஏற்படுத்தித் தருவதற்கென்றே நடந்த ஆஷ்லி மேடிசன் தளத்தை 2015-இல் ஹேக்கர்கள் உடைத்து, மூன்று கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் விவரத்தை வெளியிட்டார்கள். பெண்கள் என்று நம்பி ஆண்கள் பேசிய கணக்குகளில் நிறைய, நிறுவனமே ஓடவிட்ட கணினி நிரல்கள் என்பது அதன்பின் அம்பலமானது. எதிரில் பெண்ணே இல்லை. ஆனால் வீட்டில் மனைவியிடம் சொன்ன பொய்கள் நிஜமானவை, அவள் பட்ட வலியும் நிஜம். செயற்கை நுண்ணறிவோடு இரவெல்லாம் காதல் பேசுகிறவர்களைப் பற்றி இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கையும் தேவை. துரோகம் என்ற சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு மனைவியை வதைக்கும் ஆண்கள் நம்மிடையே ஏராளம். பால்காரரிடம் பேசினால் சந்தேகம், பஸ் தாமதமானால் சந்தேகம், புடவை கட்டிய விதத்தில் சந்தேகம். நீண்ட நாள் குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் இந்தச் சந்தேகம் நோயாகவே முற்றுவதை மனநல மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். எந்த ஆதாரமும் இல்லாமல், எந்தப் பதிலாலும் அடங்காமல் வளரும் சந்தேகத்துக்கு மருந்தும் மருத்துவரும் வேண்டும். அங்கே 'நிரூபிக்க' முயல்வது ஆபத்து. அடி, மிரட்டல், வெளியே போகத் தடை என்று வந்துவிட்டால் அது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வருகிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

உங்கள் விஷயத்தில், அவர் போனில் உளவு செயலி எதையும் போடாதீர்கள். தம்பதிகள் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் விவாகரத்து வழக்கில் சாட்சியாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது உண்மைதான். அதே தீர்ப்பிலேயே, ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலை வந்தால் அந்த உறவு ஏற்கெனவே உடைந்ததற்கு அது அடையாளம் என்றும் சொன்னார்கள். நீங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. அவராகத் திறந்து காட்டும் போன் உறவைச் சரிசெய்ய உதவும். நீங்கள் திருடிப் பார்க்கும் போன் உங்கள் தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

பிள்ளைகள் தூங்கிய பிறகோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே நடந்துகொண்டோ பேசுங்கள். "தொட்டீங்களா" என்று தொடங்காதீர்கள். அதற்கு அவரிடம் தயாரான பதில் இருக்கிறது. "என்னிடம் எதை எல்லாம் சொல்லவில்லை?" என்று கேளுங்கள். இரவுப் பேச்சு எப்போது தொடங்கியது, அவளிடம் என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள், நாளை முதல் அலுவலகப் பேச்சு அலுவலக நேரத்தோடு நிற்குமா? அவர் சங்கடப்பட்டாலும் பதில் சொல்கிறார் என்றால் நம்பிக்கை உண்டு. கேட்டதற்கே கத்துகிறார், உங்களைப் பைத்தியம் என்கிறார் என்றால் ஒரு ஆலோசகரை நடுவில் வைக்காமல் மேற்கொண்டு பேசுவது வீண். பேச்சின் நடுவில் உடல் உறவும் இருந்தது என்று தெரியவந்தால், கோபத்துக்கு நடுவிலும் உங்கள் உடம்பைக் கவனியுங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது.

மாமியாரிடம் சொல்வதைப் பற்றி: இப்போது வேண்டாம். நல்ல மாமியாராகவே இருந்தாலும் அவர் முதலில் தாய். "ஆம்பளைன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான், நீ அனுசரிச்சுப் போம்மா" என்பது வரலாம், அல்லது மகனை ஊர் முன்னால் நிறுத்தித் திட்டி, நீங்கள் இருவரும் சமாதானமான பிறகும் அதையே பத்து வருடம் சொல்லிக் காட்டலாம். உங்கள் பக்கம் நிற்கக்கூடிய, வாய் இறுக்கமான ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். அக்காவோ, பழைய தோழியோ. தனியாகச் சுமக்காதீர்கள். பேசிப் பார்த்தும் அவர் அந்தப் பேச்சை விடவில்லை என்றால், அப்போது இரு வீட்டுப் பெரியவர்களையும் ஒன்றாக உட்கார வையுங்கள். அதற்கு முந்தின நாளே மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாகச் சட்ட உதவி கிடைக்கும். வழக்குப் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. உங்கள் நகை, உங்கள் பெயரில் உள்ள கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு போய் அந்தப் பேச்சில் உட்காருங்கள்.